எண்ணூர்க் காற்றைச் சுவாசித்த நுரையீரல் மலையேறுமா?

கேள்வி: வயது 38. எண்ணூரில் பிறந்து வளர்ந்தவன். சிறு வயதில் வீசிங் இருந்தது. பல ஆண்டுகளாக இல்லை. ஆகஸ்டில் நண்பர்கள் ஆறு பேர் இமாசலப் பிரதேசத்தில் பிருகு ஏரிக்கு மலையேறப் போகிறோம். டெல்லியிலிருந்து இரவு பஸ். காலையில் மணாலியில் இறங்கி, அன்றே குலாபா வரை ஜீப், பிறகு நடந்து முகாம். மறுநாள் ஏரிக்குப் போய் முகாமுக்குத் திரும்பி, இன்னோர் இரவு தங்கல். அனல்மின் நிலையச் சாம்பலும் நிலக்கரித் தூசியும் படிந்த நுரையீரல் அந்த உயரத்தைத் தாங்குமா? விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர், ஆக்சிஜன் கேன், முகர்ந்து பார்க்கக் கற்பூரம், உயரத்தால் வரும் நோயைத் தடுக்க நண்பர் சொன்ன டயாமாக்ஸ் மாத்திரை எல்லாம் வாங்கிவிட்டேன். ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே காட்டினால் ஆபத்து என்று இணையத்தில் படித்தேன். (ஒருமுறை சல்ஃபா என்னும் கிருமிக்கொல்லி மாத்திரை சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்தது.)

பதில்: தாங்கும். மாடிப்படி ஏறி இறங்கி, அன்றாட வேலைகளைத் தடையில்லாமல் செய்கிறீர்கள் என்றால், எண்ணூர்த் தூசியால் உங்களுக்கு மலை மறுக்கப்படாது. மனம் ஆறவில்லை என்றால் ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போய், ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதிப் பார்க்கும் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். எனக்குக் கவலை தருவது உங்கள் பயணத் திட்டம்.

பிருகு ஏரி ஏறத்தாழ 4,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன்தான். ஆனால் காற்றழுத்தம் குறைவு. எண்ணூரில் ஒரு மூச்சில் கிடைப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான் அங்கே கிடைக்கும். அதற்கு உடல் பழகச் சில நாட்கள் வேண்டும், தூசியே படாத நுரையீரலுக்கும் வேண்டும். 1962 சீனப் போரை ஒட்டிச் சமவெளியிலிருந்து நேரே இமயமலை உயரங்களுக்குக் கொண்டு போகப்பட்ட நம் ராணுவ வீரர்கள் கூட்டம் கூட்டமாக நோயில் விழுந்தார்கள். அப்படிப்பட்ட 1,925 வீரர்களைப் பற்றி டாக்டர் இந்தர் சிங்கும் அவருடைய சக மருத்துவர்களும் 1969-இல் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கப்படுகிறது. அவர்கள் கட்டுடல் கொண்டவர்கள். அவர்களை வீழ்த்தியது ஏறிய வேகம்.

உங்கள் திட்டமும் அதே வேகத்தில்தான் இருக்கிறது. மணாலி ஏறக்குறைய 2,050 மீட்டர். அங்கே இரண்டு இரவு தங்கிவிட்டுப் பிறகு மேலே போங்கள். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. பகலில் ஏரிவரை ஏறிவிட்டு இரவுக்குத் தாழ்வான முகாமுக்கு வருவது நல்ல முறை. அந்தப் பகுதியை மாற்ற வேண்டாம். முகாமில் தலைவலியோடு குமட்டலும் வந்தால், அது தீரும்வரை ஓர் அடிகூட மேலே ஏறக் கூடாது.

இனி நான் சொல்வதை ஆறு பேரும் சேர்ந்து படியுங்கள். ஏற்றத்தில் எல்லோருக்கும் மூச்சு வாங்கும், உட்கார்ந்தால் அடங்கிவிடும். அடங்காத மூச்சிரைப்புதான் ஆபத்து. பையை இறக்கி வைத்து, பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகும் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் நடுவில் நிறுத்தி மூச்சை இழுக்கிறாரா? படுக்க முடியாமல் கூடாரத்துக்குள் எழுந்து உட்காருகிறாரா? வறட்டு இருமல், நெஞ்சில் கொறகொறவென்ற சத்தம், நீலம் பாய்ந்த உதடு இருக்கின்றனவா? நுரையீரலில் நீர் கோக்கிறது என்று பொருள். பெரும்பாலும் உயரத்தில் தங்கும் இரண்டாம், மூன்றாம் இரவில் வரும்.

மற்ற ஐந்து பேரைவிட உங்களுக்கு இதில் ஒரு கண்ணி அதிகம். இப்படி இரைத்தால், “பழைய வீசிங் திரும்பிவிட்டது” என்று நீங்களே முடிவு கட்டி, இன்ஹேலரை இழுத்துக்கொண்டு விடியும்வரை காத்திருப்பீர்கள். அந்தச் சில மணி நேரத்தில் உயிர் போகலாம். இன்ஹேலரைக் கொண்டு போங்கள், குளிரில் உறையாமல் உள்சட்டைப் பையில் வையுங்கள், தேவைப்பட்டால் இழுங்கள். ஆனால் உட்கார்ந்தும் இரைப்பு அடங்கவில்லை என்றால் அதை வீசிங் என்று நினைக்கவே கூடாது. உடனே கீழே இறங்குங்கள். பாதை பாதுகாப்பாக இருந்தால் இரவென்றாலும் இறங்க வேண்டும். நோயாளியைத் தனியே அனுப்பாதீர்கள், சுமையைத் தூக்க விடாதீர்கள். குதிரை கிடைத்தால் ஏற்றிவிடுங்கள். ஆயிரம் மீட்டர் இறங்கினாலே பலருக்கும் மூச்சு தெளியத் தொடங்கும். தெளிந்தாலும் மணாலி மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். குடிக்காதவர் குடித்தவர்போல் தள்ளாடினால் அது மூளை வீக்கம். அதற்கும் இதே வழிதான்.

ஆக்சிமீட்டர் உங்களைத் தூங்கவிடாது. 94-க்குக் கீழே போனால் ஆபத்து என்று இணையத்தில் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது கொரோனா காலத்தில் சமவெளிக்குச் சொன்ன கணக்கு. 3,500 மீட்டரில் நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கே 85, 90 என்றுதான் காட்டும். விரல் சில்லிட்டிருந்தால் இன்னும் தப்பாகக் காட்டும். எண்ணைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள். ஆக்சிஜன் கேன் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அது தரும் தெம்பில் இறங்குவதைத் தள்ளிப்போடுவதுதான் கெடுதல். கற்பூரம் பூஜை அறையில் இருக்கட்டும். மூக்கில் சிறிது ரத்தம், இரவில் தூக்கம் கலைவது, அடிக்கடி சிறுநீர் போன்றவற்றுக்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

டயாமாக்ஸ் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. நண்பர் சொன்னார், மருந்துக் கடைக்காரர் கொடுத்தார், வாங்கிவிட்டீர்கள். சல்ஃபா ஒவ்வாமையை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். கடிதத்தின் முதல் வரியில் இருக்க வேண்டிய செய்தி அது. சல்ஃபாவைப் போலவே டயாமாக்ஸும் சல்போனமைடு என்னும் வேதி வகையைச் சேர்ந்ததுதான். சல்ஃபா ஒத்துக்கொள்ளாத எல்லோருக்கும் இதுவும் ஒத்துக்கொள்ளாது என்றில்லை. ஆனால் அதைச் சோதித்துப் பார்க்கும் இடம் மலை முகாம் அல்ல. அந்த அட்டையை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள். அன்று தடிப்பு மட்டும்தானா, முகம் வீங்கியதா, மூச்சு முட்டியதா என்று அவர் கேட்பார். வீட்டில் பெரியவர்களிடம் விசாரித்துக்கொண்டு போங்கள். சல்ஃபா ஒத்துக்கொள்ளாது என்பதை நண்பர்கள் ஐவரிடமும் வழிகாட்டியிடமும் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். மேலே தலைவலி என்றதும், கூட வந்தவர்கள் அக்கறையோடு நீட்டுவது இந்த மாத்திரையைத்தான்.