கடலோரக் கட்டடம் ஏன் சுலபமாக ஊரின் அடையாளமாகிவிடுகிறது?

ஊரின் அடையாளம் என்றால், தூரத்தில் பார்த்ததுமே இது இன்ன ஊர் என்று சொல்லவைக்கும் கட்டடம். கடலோரத்தில் அது சுலபம். முன்னால் மறைக்க எதுவுமில்லை. நகர நெரிசலில் காணாமல் போகும் கண்ணாடி அலுவலகமே தண்ணீரோரம் தனியாக நின்றால், அறுவடை முடிந்த வயலில் நிற்கும் ஒற்றைப் பனை மாதிரி கண்ணில் படும்.

ராமேஸ்வரம் டிவி டவரையே பாருங்கள். உயரம் 323 மீட்டர். பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்தாலும், வானம் தெளிவாக இருந்தால் அதன் உச்சி சுமார் 60 கிலோமீட்டர் வரை தெரியலாம். கரை திரும்பும் படகுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

அப்புறம், உயரம் இருந்தால்தான் அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: 2025இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் தாழ்வானதுதான், ஆனால் கப்பலுக்கு வழிவிட 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழுவதைப் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை.