கழுவி மாட்டிய பிறகும் திணறும் கார்புரேட்டர்

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் புல்வெட்டும் இயந்திரம் ஒன்று உள்ளது. கோடை முழுவதும் சும்மா நின்றதால் ஸ்டார்ட் ஆகவில்லை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டுகளும் மிதவை ஊசியும் புதிதாகப் போட்டோம். இப்போது காற்று வழியை அடைக்கும் சோக்கைப் பாதி மூடினால் ஓடுகிறது. முழுவதும் திறந்தால் வேகம் ஏறி இறங்கி, நின்றுவிடுகிறது. பெங்களூரு மேட்டுநிலம் என்பதால், பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளையைப் பெரிதாக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
— ஒரு வாசகர், ஜே.பி. நகர், பெங்களூரு

பதில்: ஜெட்டில் கை வைக்க வேண்டாம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்றின் அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறைவு. காற்று குறைந்தால் கலவையில் பெட்ரோல்தான் விஞ்சி நிற்கும். சோக்கை மூடினால் மட்டும் ஓடுகிறது என்பதோ பெட்ரோல் போதவில்லை என்பதற்கான அடையாளம். ஆகவே உயரத்தைக் காரணம் காட்டுவது தலைகீழான கணக்கு.

பெட்ரோல் வரும் வழி அடைபட்டிருக்க வேண்டும். அல்லது கணக்கில் வராத காற்று எங்கோ நுழைய வேண்டும். முதலில் சந்தேகப்பட வேண்டியது, குறைந்த வேகத்தில் பெட்ரோல் விடும் பைலட் ஜெட். பல கார்புரேட்டர்களில் இது ஐடில் ஸ்க்ரூவுக்கு (சும்மா ஓடும் வேகத்தைத் திருத்தும் திருகு) அடியில் ஒளிந்திருக்கும் சிறு பிளாஸ்டிக் துண்டு என்பதால், கழுவுபவர்கள் பெரும்பாலும் இதைக் கழற்றுவதே இல்லை. அதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. காய்ந்த பெட்ரோலின் பிசின் படிந்தால் கண்ணுக்குத் தெரியாமலே அடைத்துக்கொள்ளும். அதைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். துளை வட்டமாகத் தெரியாவிட்டால், மின்கம்பியிலிருந்து பிரித்த ஒற்றைச் செப்பு இழையை மெல்ல நுழைத்து எடுத்துவிட்டு, கார்புரேட்டர் கிளீனர் அடித்து ஊதுங்கள். எஃகு ஊசி வேண்டாம், துளையைக் கீறிவிடும். மெயின் ஜெட்டுக்கு மேலே நிற்கும் குழாயின் பக்கவாட்டுத் துளைகளையும் இப்படியே பாருங்கள்.

அடுத்தது கேஸ்கட். எஞ்சினுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே உள்ள தடுப்புக் கட்டையின் இருபுறமும் வரும் கேஸ்கட்டுகள் சில மாடல்களில் ஒன்றுபோலத் தோன்றினாலும் துளைகளின் அமைப்பு வேறாக இருக்கும். இடம் மாறினால் காற்று வழி அடைபடும், அல்லது ஓரத்தில் கசியும். பொருந்தும் முகம் வளைந்திருக்கிறதா என்பதைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எஞ்சின் ஓடும்போது இணைப்பில் ஸ்ப்ரே அடித்துச் சோதிப்பவர்கள் உண்டு. பக்கத்திலேயே சைலன்சர் கொதிப்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இவ்விரண்டும் சரியாக இருந்தால், எஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரின் ஸ்பிரிங் பழைய துளையிலேயே மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கழற்றும்போது படம் எடுக்காதவர்கள் தடுமாறும் இடம் அதுதான்.

இன்னொன்று. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தன்னுள்ளேயே ஆக்ஸிஜனைக் கொண்டது, அதாவது கலவையில் காற்றைக் கூட்டியதுபோல. ஆகவே ஏற்கெனவே பெட்ரோல் போதாமல் திணறும் எஞ்சின் இதில் மேலும் திணறும். ஈரத்தையும் உறிஞ்சும் என்பதால், டேங்கில் கோடைக்கு முந்தைய பெட்ரோல் மிச்சமிருந்தால் முழுவதும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றிய பிறகே மேற்சொன்னவற்றைச் சோதியுங்கள். எதைத் தொடுவதற்கு முன்பும் ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றிவிடுங்கள். துளையைப் பெரிதாக்கிய ஜெட் ஏற்கெனவே மாட்டப்பட்டிருந்தால், உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் அலைவதைவிட அந்த மாடல் எண்ணைச் சொல்லி, கம்பெனி டீலரிடமே புதிய ஜெட் வாங்குவது நல்லது.