மந்திரக் கதவுக் கதையில் மாயமும் திகிலும் ஒட்டாமல் போவது ஏன்?

கேள்வி: கதவு திறந்து வேறு உலகத்துக்குள் போகும் கதை எழுதுகிறேன். முதல் பாதி மாயாஜாலம், பின்பாதி பேய்க்கதை என்று இரண்டு துண்டாக நிற்கிறது. எப்படிச் சேர்ப்பது?

பின்பாதியில் பயமுறுத்துவதற்கென்றே புதிதாக ஒரு பூதத்தை இறக்கியிருப்பீர்கள். அதை எடுத்துவிடுங்கள். முதல் பாதியில் எது மயக்கியதோ, அதுவேதான் பின்னால் பயமுறுத்த வேண்டும்.

‘கோரலைன்’ (2002) நாவலைப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும். கோரலைன் என்ற சிறுமியின் வீட்டில் பூட்டிய கதவைத் திறந்தால் முதலில் செங்கல் சுவர்தான். இன்னொரு நாள் அவள் தனியாகத் திறக்கும்போது இருண்ட நடை. அந்தப் பக்கம் இன்னொரு அம்மா, ருசியான சாப்பாடு. அந்த அம்மாவுக்குக் கண் இருக்கும் இடத்தில் கறுப்புப் பொத்தான்கள். முதல் சந்திப்பிலேயே இது தெரிந்துவிடுகிறது, ஒளித்துவைக்கவில்லை. நம்மூர்ப் பேய்க்கதையில் எல்லாம் மனுஷி மாதிரியே இருந்து கால் மட்டும் தரையில் பாவாதே, அதே வேலை. இங்கேயே தங்க வேண்டுமென்றால் உனக்கும் பொத்தான் தைக்கணும் என்று ஊசி நூல் வரும்போது, புதிதாக எதுவும் கதைக்குள் நுழையவில்லை. பார்த்த பொத்தானே விலையாகிவிட்டது.

ஆகவே முதல் வருகையில் மனதில் நிற்கும்படி ஒரு கோணல் போதும். பாத்திரம் அதைக் கவனிக்கட்டும், ஆனால் சாப்பாட்டுக்கு மயங்கி நகர்ந்துவிடட்டும். கோணல்களை அடுக்கினால் வாசகர் உஷாராகிவிடுவார். ஆசை வராத இடத்தில் பயமும் எடுபடாது.

இடத்தையும் கவனியுங்கள். மாயம் உலகை விரிக்கும், திகில் சுருக்கும். கோரலைன் கதவுக்கு அந்தப் பக்கத்து வீட்டை விட்டு விலகி நேராக நடக்கிறாள்; மரங்கள் மங்கி, வெறும் வெண்மையாகி, மறுபடி அதே வீட்டு முன்னால் வந்து நிற்கிறாள். துரத்த யாருமே இல்லாமல் இந்த ஒரு காட்சி மூச்சை அடைக்கிறது.

விதிகளை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ‘பேன்ஸ் லேபிரிந்த்’ (2006) படத்தில் சாக்கட்டியால் வரைந்த கதவு, மணற்கடிகாரம், விருந்தில் எதையும் தின்னாதே என்ற எச்சரிக்கை எல்லாம் முதலிலேயே வந்துவிடும். சிறுமி தின்பது இரண்டே திராட்சை. மீறல் அவ்வளவு சின்னதாக, நாமும் செய்திருப்போம் என்று தோன்றும்படி இருக்க வேண்டும். உச்சகட்டத்தில் புது விதி கொண்டுவந்தால் எழுதியவர் ஏமாற்றியதாகவே படும்.

திரும்பி வந்ததும் முடித்துவிடாதீர்கள். கதவு சாத்தியபோது அறுந்த அந்த அம்மாவின் கை, கோரலைனின் சொந்த வீட்டுக்குள் சாவி தேடி ஊர்கிறது. அதைப் பாழுங்கிணற்றில் விழவைக்க ஒரு பொம்மை டீ விருந்து வேண்டியிருக்கிறது. உங்கள் கதையிலும் அந்தக் கைக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்குங்கள்.