தினெங்தெங்குக்குத் தாளிப்பு வேண்டாம், தம்பி

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். மருத்துவம் படிக்கப் பிலிப்பைன்ஸின் மலைநகரான பாகியோவுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. எந்தக் கடைக்குப் போனாலும் கோழியும் பன்றியும்தான், காய்கறி கண்ணில் படவே இல்லை. நீங்கள் தங்கியிருக்கும் வீட்டு அம்மா மட்டும் கீரை, காய், பொரித்த மீன் எல்லாம் போட்டு ரசம் மாதிரி ஒன்று வைக்கிறார். முதலில் வாடை தாங்கவில்லை. போன வாரம் மழையில் நனைந்து வந்த அன்று ஒரு கிண்ணம் கொடுத்தார், குடித்ததும் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. அது என்ன, ரைஸ் குக்கர் மட்டும் இருக்கிற அறையில் அதைச் செய்ய முடியுமா?

முடியும். அதன் பெயர் தினெங்தெங். இனப்ராவ் என்றும் சொல்வார்கள். லூசோன் தீவின் வடமேற்கில் இருக்கும் இலோகோஸ் பகுதி மக்களின் அன்றாடச் சாப்பாடு அது. பாகியோவில் தெருவிலும் சந்தையிலும் இலோகானோ மொழிதான் அதிகம் கேட்கும் என்பதால் இங்கே பாதி வீட்டு அடுப்பில் அது கொதிக்கும்.

உங்களுக்கு ஊர் ஞாபகம் ஏன் வந்தது என்றும் சொல்கிறேன். அதில் மிதந்த பொடி இலை முருங்கை. இந்த நாட்டின் பெரிய மொழியான தகாலோக்கில் மலுங்காய், இலோகானோவில் மருங்காய். நான் வந்த புதிதில் சந்தையில் ஒரு பாட்டி "மருங்காய், மருங்காய்" என்று கூவி விற்றதைக் கேட்டு, யாரோ நம் ஊர்க்காரர் என்று திரும்பிப் பார்த்தேன். கையில் முருங்கைக்கீரைக் கட்டு. தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற மரத்தின் இலை, பெயர்கூட மாறாமல் கடல் தாண்டி எனக்கு முன்பே இங்கே வந்து நிற்கிறது. அன்றைக்குத்தான் இந்த ஊரில் இருந்துவிடலாம் என்ற தைரியம் வந்தது. படிக்க வந்தவள், வேலை கிடைத்து இங்கேயே தங்கி 15 வருடம் ஆகிவிட்டது.

பிலிப்பைன்ஸ்காரர்கள் காய்கறி சாப்பிட மாட்டார்கள் என்று உங்கள் சீனியர்கள் சொல்லியிருப்பார்கள். அது கடையை மட்டும் பார்த்துச் சொல்வது. காசு கொடுத்து வெளியே சாப்பிடும்போது இவர்கள் இறைச்சி கேட்கிறார்கள், அதனால் கடையில் இறைச்சி விற்கிறது. காய்கறி வீட்டுக்குள் இருக்கிறது. நம் ஊரிலும் ஹோட்டல் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தமிழர்கள் தினமும் பரோட்டாதான் தின்பார்கள் என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்?

அதில் போடும் காய் எல்லாமே உங்களுக்குத் தெரிந்ததுதான். மஞ்சள் பூசணி, கத்தரி, வெண்டை, பாகல், நீளக் காராமணி, பீர்க்கங்காய். முருங்கைப் பிஞ்சும் போடுவார்கள். கீரையில் முருங்கை, சர்க்கரைவள்ளிக் கொழுந்து, அப்புறம் சலுயோட் என்கிற சணல் செடியின் இளங்கீரை. சலுயோட் வெண்டைக்காய் போலக் கொழகொழவென்று இருக்கும். பழகிவிட்டால் அதுதான் முதலில் தேடும். மார்கழிக் கோலத்தில் நாம் வைக்கிற பூசணிப்பூவை இவர்கள் இதில் போடுகிறார்கள். வெள்ளையாக, பிறை மாதிரி வளைந்த ஒரு பூவைக் கூடையில் வைத்துக் கதுடாய் என்று விற்பார்கள், பார்த்தீர்களா? அது அகத்திப்பூ. உள்ளே இருக்கும் நரம்பைக் கிள்ளி எறிந்துவிட்டுப் போட வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். துவாதசிக்கு அகத்திக்கீரை சமைக்கிற வீட்டிலிருந்து வந்திருந்தால் உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

வாடை என்று சொன்னீர்களே, அது பகோஓங். நெத்திலி மாதிரி சின்ன மீனை உப்பில் ஊறப்போட்டு, மாதக்கணக்கில் புளிக்கவிட்டு எடுப்பது. மேலே தெளிந்து நிற்கும் நீரை வடித்தால் அது பாதிஸ். கீழே இருக்கும் பழுப்பு நிறக் கூழ்தான் பகோஓங். பக்கத்து மாகாணமான பங்காசினானில் லிங்காயேன் என்ற ஊர் இதற்குப் பேர் போனது. கருவாடு மணக்கும் தெருவில் வளர்ந்தவளுக்கே முதல் நாள் மூக்கைப் பொத்தத் தோன்றியது. ஆனால் கருவாட்டுக் குழம்பு கொதிக்கக் கொதிக்க அதன் வாடை எப்படிப் பசியாக மாறுகிறதோ, இதுவும் அப்படித்தான். வாங்கும்போது மட்டும் கவனம். இளஞ்சிவப்பாக, குட்டி இறாலில் செய்ததும் அதே பெயரில்தான் இருக்கும், சிலது இனிக்கவும் செய்யும். அது இதற்கு ஆகாது. "பகோஓங் இஸ்தா" என்று கேளுங்கள். இஸ்தா என்றால் மீன்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு மனாங். மனாங் என்றால் அக்கா, மனோங் என்றால் அண்ணன், இளையவர்களை ஆதிங் என்பார்கள். உங்களை அந்த வீட்டு அம்மா ஆதிங் என்று கூப்பிட ஆரம்பித்தால் நீங்கள் அந்த வீட்டுப் பிள்ளை என்று அர்த்தம். ஒரு ஜூலை மாதம், புயல் மழையில் மண் சரிந்து, கீழேயிருந்து மலையேறி வரும் கெனான் ரோடு அடைபட்டது. கீழேயிருந்து வர வேண்டிய கத்தரி, வெண்டை எதுவும் வரவில்லை. மனாங் வேலியில் படர்ந்திருந்த சௌசௌ கொடியின் கொழுந்தை ஒடித்து வந்தார். முதல் நாள் பொரித்து மிஞ்சிய ஜிலேபி மீன் இரண்டு துண்டு. தண்ணீர் கொதித்ததும் ஒரு கரண்டி பகோஓங்கை டீ வடிகட்டியில் வைத்து, அந்த வெந்நீரையே மேலே ஊற்றி, விரல் நுனியால் தேய்த்துத் தேய்த்துச் சாற்றை இறக்கினார். வடிகட்டியில் முள்ளும் செதிலும் மட்டும் நின்றன. இஞ்சி ஒரு துண்டு தட்டிப் போட்டார், வெங்காயம், தக்காளி, மீன், கடைசியாகக் கொழுந்து. பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே தெரியாத பனிமூட்டம், கையில் சூடான கிண்ணம். "மங்கான் தயோன்" என்றார், சாப்பிடலாம் வா என்று.

மறுவாரம் நானே செய்தேன். நம் கை சும்மா இருக்குமா? கடுகு தாளித்து, புளி கரைத்து, மிளகாய்த்தூள் போட்டு இறக்கினேன். மனாங் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார், ஆனால் இரண்டாவது கரண்டி எடுக்கவில்லை. எனக்கு மனசு சங்கடமாகிவிட்டது. மீன் குழம்பு வேண்டுமென்றால் மீன் குழம்பே வைக்கலாம், அது வேறு. புளிப்பாகச் சூப் வேண்டுமென்றால் இங்கேயே சினிகாங் இருக்கிறது, அதில் புளிதான் போடுகிறார்கள். தினெங்தெங்கில் பகோஓங்கும் காயின் இனிப்பும் கசப்பும் மட்டும் தெரிய வேண்டும். தாளிப்பு அதை மூடிவிடும்.

சரி, செய்முறைக்கு வருகிறேன். மூன்று பேருக்கு அளவு சொல்கிறேன், ஏனென்றால் அறையில் இருப்பவர்கள் கேட்பார்கள்.

ஜிலேபி மீன், இங்கே திலாப்பியா, நடுத்தர அளவில் ஒன்று. பால்கெண்டையும் நல்லது. இங்கே அதைப் பாங்குஸ் என்பார்கள், பங்காசினானில் உள்ள தகூபான் ஊர்ப் பாங்குஸுக்குத் தனி மரியாதை உண்டு, ஆனால் முள் அதிகம், பரீட்சை நேரத்தில் வேண்டாம். மீனைக் கழுவி, இரண்டு பக்கமும் கீறி, உப்பு மட்டும் தடவி, ஈரம் போகத் துடைத்துப் பொரிக்க வேண்டும். மஞ்சள், மிளகாய் எதுவும் கூடாது, தடவினால் சாறு முழுக்கச் சிவப்பு எண்ணெய் மிதக்கும். தோல் மொறுமொறுவென்று ஆகும்வரை விடுங்கள், பாதி வெந்த மீன் சாற்றில் உடைந்து முள் பரவிவிடும். அறையில் பொரிக்க விட மாட்டார்கள் என்றால் கவலை வேண்டாம், கரிந்தெரியா என்கிற சின்னச் சாப்பாட்டுக் கடையில் பொரித்த திலாப்பியா கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். நேற்றைய மீனாக இருந்தால் இன்னும் நல்லது. மிஞ்சியதை வீணாக்காமல் மறுநாள் காய்கறியோடு சேர்த்து ஒரு வேளைச் சாப்பாடாக்குவதுதான் வீடுகளில் வழக்கம்.

ரைஸ் குக்கரில் ஒரு லிட்டர் தண்ணீர். குக்கரை மூடாதீர்கள். கொதித்ததும் மூன்று மேசைக்கரண்டி பகோஓங்கை வடிகட்டி ஊற்றுங்கள், உப்பு போட வேண்டாம். கட்டை விரல் அளவு இஞ்சி, ஒரு வெங்காயம், இரண்டு தக்காளி. மூடாமலே நாலைந்து நிமிடம் கொதித்தால் வாடையின் முரட்டுத்தனம் போய்விடும். இப்போது மீன் தலையையும் வாலையும் போடுங்கள், சாறு அதில்தான் பிடிக்கும். அப்புறம் பூசணி. அது முக்கால் வேக்காடு ஆனதும் காராமணியும் கத்தரியும். அடுத்தது முழு வெண்டை, காம்பை மட்டும் சீவிவிட்டு. நறுக்கினால் சாறு கொழகொழத்துவிடும். பாகல் கடைசியில். பாகல் போட்ட பிறகு கிளறக் கூடாது, கிளறினால் கசப்பு பரவும் என்று மனாங் என் கையிலிருந்த கரண்டியையே வாங்கி வைத்துவிட்டார். மீதி மீனை மேலே வைத்து இரண்டு நிமிடம். கீரையைத் தூவி, ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். முருங்கை அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும்.

தண்ணீர் இருக்கும்வரை சாதாரண ரைஸ் குக்கர் தானாக அணையாது, நீங்கள்தான் பார்த்து அணைக்க வேண்டும். இன்னொன்று, பாகியோ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அதனால் பூசணி வேக உங்கள் அம்மா சொல்லும் நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். குக்கர் பழுது என்று நினைத்துவிடாதீர்கள்.

காரம் இல்லாமல் எப்படி என்று கேட்பீர்கள். காரம் தட்டில் இருக்கிறது. ஒரு சின்னக் கிண்ணத்தில் கலமான்சி என்கிற குட்டி எலுமிச்சையைப் பிழிந்து, சீலிங் லபுயோ என்கிற ஊசிமிளகாயை நசுக்கிப் போட்டு, மீனை அதில் தொட்டுச் சாப்பிடுங்கள். தக்காளி, சின்ன வெங்காயம், கொஞ்சம் பகோஓங் கலந்து பிசைந்தாலும் தொட்டுக்கொள்ள அருமையாக இருக்கும். இலோகோஸில் சின்ன வெங்காயம் நன்றாக விளைகிறது, அதற்காகவே எனக்கு அந்தப் பகுதியைப் பிடிக்கும்.

உங்கள் அறைத் தோழர் சைவம் என்று எழுதியிருந்தீர்கள். அவருக்கு இது ஆகாது, பகோஓங்கே மீன்தான். அவருக்குப் பத்தாங்காஸ் மாகாணத்துப் புலாங்லாங் செய்துகொடுங்கள். அரிசி களைந்த தண்ணீரில் இதே காய்களை வேகவைத்து, வெறும் உப்பு போட்டு இறக்குவது. கெட்டியாக, சாதுவாக இருக்கும், நம் வயிற்றுக்கு நன்றாக ஒத்துப்போகும். கடையில் காய்கறி என்று கொடுப்பதிலும் பன்றித் துண்டு கிடக்கலாம், "மே பாபோய்?" என்று முதலில் கேட்டுவிடச் சொல்லுங்கள். பாபோய் பன்றி, பாகா மாடு.

ஏப்ரலில் விடுமுறை கிடைத்தால், மலையிறங்கி லா யூனியன் மாகாணத்தில் உள்ள அகோஓ ஊர்ப் பக்கம் போய் வாருங்கள். அங்கே இந்தச் சாப்பாட்டின் பெயரிலேயே திருவிழா நடத்துகிறார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குள் சந்தைக்குப் போய்விடுங்கள். சலுயோட் சீக்கிரம் வாடிவிடும், கதுடாய் விற்றுத் தீர்ந்துவிடும். எதுவும் கிடைக்காவிட்டால் சௌசௌ கொழுந்து நிச்சயம் கிடைக்கும், சயோதே என்று கேளுங்கள், அதுவே போதும். பகோஓங் பாட்டிலை இரண்டு பிளாஸ்டிக் பை போட்டு இறுக்கிக் கட்டுங்கள், ஜீப்னி என்கிற ஷேர் வண்டியில் சிந்தினால் வீடு சேரும்வரை எல்லோரும் உங்களையே பார்ப்பார்கள். செய்து முடித்ததும் முதல் கிண்ணத்தை அந்த வீட்டு அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். உப்பு கூடியிருந்தால் அவரே சொல்வார்.