விடுதி மெஸ்ஸில் முட்டையைக் குறைக்க முடியுமா?

கேள்வி: கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். விடுமுறையில் நாமக்கல் பக்கம் நண்பன் ஊருக்குப் போனபோது ஒரு முட்டைக்கோழிப் பண்ணையைப் பார்த்தேன். அதிலிருந்து முட்டை தொண்டையில் இறங்கவில்லை, பாலையும் விட்டுவிட்டேன். விடுதி மெஸ் கமிட்டியில் நானும் ஓர் உறுப்பினர். 600 பேர் சாப்பிடுகிறோம். வாரத்தில் ஐந்து நாள் ஆளுக்கொரு முட்டை. இதை மாற்றலாம் என்று பேச்செடுத்தால், புரோட்டீனுக்கு என்ன செய்வாய் என்கிறார் வார்டன். நண்பர்கள் 'சாமியார்' என்று கூப்பிடுகிறார்கள். கோழிகளை இப்படிக் கூண்டில் அடைப்பது சட்டப்படி சரியா? நான் எங்கே தொடங்குவது?

பதில்: சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். அசையவே நியாயமான வாய்ப்பில்லாத அளவுக்குச் சிறிய கூண்டில் ஒரு விலங்கை அடைப்பது, 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் தடவை பிடிபட்டால் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. எழுத்துப்பிழை அல்ல, ஐம்பது ரூபாய்தான். இந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர் கலாக்ஷேத்ராவை நிறுவிய நம் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதி சொன்னதால் திரும்பப் பெற்றார். முட்டைக்கோழிகளையும் கறிக்கோழிகளையும் அடைத்து வளர்ப்பதைப் பற்றி இந்தியச் சட்ட ஆணையமே 2017இல் ஓர் அறிக்கை கொடுத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வெறும் கம்பிக்கூண்டுகளுக்கு 2012இலிருந்து தடை.

சட்டத்தின் சொற்கள் உங்கள் பக்கம்தான். ஆனாலும் அவற்றைத் தூக்கிக்கொண்டு வார்டனிடம் போகாதீர்கள். உங்கள் மெஸ்ஸில் கூண்டு இல்லை, கொள்முதல் பட்டியல்தான் இருக்கிறது. உங்கள் கைக்கு எட்டுவது அது ஒன்றுதான்.

நான் கால்நடை மருத்துவன். பல ஆண்டுகள் முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குப் போய்வந்தவன். நீங்கள் கண்டதை நானும் கண்டிருக்கிறேன். ஒரு கூண்டில் மூன்று, நான்கு கோழிகள். ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஒரு ஏ4 தாளைவிடச் சிறியது. அந்தத் தாளில்தான் அது ஓராண்டுக்கும் மேலாக நின்று சுமார் 300 முட்டை இடும். என்னை உறுத்தியது இடம் மட்டும் அல்ல. ஒரு நாள் ஒரு கோழி தீவனத் தொட்டியோரமாகக் கம்பிமேல் உட்கார்ந்து, இறகைச் சிலிர்த்து, பக்கவாட்டில் சாய்ந்து உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது. நோயோ என்று குனிந்து பார்த்தேன். புழுதிக் குளியல்! வீட்டுக் கொல்லையில் கோழி குழி பறித்து மண்ணை வாரி மேலே போட்டுக்கொள்ளுமே, அதே அசைவுகள். மண்தான் இல்லை. பஞ்சாரத்தில் கவிழ்த்த கோழிக்கும் இரவு ஒன்றுதான் சிறை. விடிந்தால் வெளியே போய்விடும்.

இதற்காகப் பண்ணைக்காரரை வில்லனாக்க வேண்டாம். மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும் விலையேறும்போது, பைசாக் கணக்கில் மாறும் முட்டை விலையை வைத்துக்கொண்டு வங்கிக் கடன் கட்டுகிறவர் அவர். வாங்குகிறவர்கள் வேறு மாதிரி வாங்கினால் அவரும் வேறு மாதிரி வளர்ப்பார், அல்லது வேறு தொழில் பார்ப்பார்.

இனி கணக்கு. ஐந்து நாள் முட்டையை மூன்று நாளாக்கச் சொல்லுங்கள். முழுதும் நிறுத்தச் சொன்னால் அன்றோடு உங்கள் பேச்சு முடிந்துவிடும். இரண்டு நாள் குறைந்தால் வாரம் 1,200 முட்டை. ஒரு கோழி வாரத்துக்கு ஏறக்குறைய ஆறு முட்டை இடுகிறது. ஆக 200 கோழிகளின் வேலை. கமிட்டியில் இந்த எண்ணைச் சொல்லுங்கள், பண்ணையின் புகைப்படத்தைக் காட்டாதீர்கள். சாப்பாட்டுக்கு முன் படம் காட்டியவனை யாரும் மன்னிப்பதில்லை.

எச்சரிக்கை ஒன்று உண்டு. நல்லெண்ணத்தில் செய்பவர்கள் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். முட்டை போன இடத்தில் மாணவர்கள் சிக்கன் கேட்பார்கள். ஆளுக்கு 100 கிராம் என்றால் ஒரு வேளைக்கு 60 கிலோ. உரித்த பிராய்லர் ஒன்று ஒன்றரைக் கிலோகூடத் தேறாது. அதுவும் ஆறு வாரக் குஞ்சு. வாரம் ஒரு வேளை சிக்கன் கூடினால் வாரத்துக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போகும். அதற்கு முட்டையே தேவலை. ஆகவே மாற்று என்ன என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதி வாங்குங்கள்.

வார்டனின் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் தட்டில் இருக்க வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். 40 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்துச் சுண்டலாக்கினால் 8 கிராம் வரை கிடைக்கும். ஒரு கைப்பிடி வேர்க்கடலை முட்டைக்குச் சமம். மீல்மேக்கர் 30 கிராமில் 15 கிராம். சோற்றுப் புரதத்தில் இருக்கும் குறையைப் பருப்பு ஈடுகட்டும், பருப்பின் குறையைச் சோறு ஈடுகட்டும். நம் சாப்பாட்டில் அது ஏற்கெனவே நடக்கிறது. மெஸ் சாம்பாரில் பருப்பு தேட வேண்டியிருக்கிறது என்பது வேறு விஷயம். அதைக் கெட்டியாக்கச் சொன்னால் அசைவர்களும் உங்களுக்கு ஓட்டுப் போடுவார்கள்.

சமையல் மாஸ்டரைச் சம்மதிக்க வைப்பது வார்டனைவிட முக்கியம். மீல்மேக்கரைப் பலர் வெறுப்பதற்குக் காரணம், அதை அப்படியே குழம்பில் கொட்டிவிடுவதுதான். உப்புப் போட்ட கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பிழிந்து, குளிர்ந்த நீரில் மறுபடி அலசிப் பிழிந்தால் பச்சை வாடை போய்விடும். பிறகு மிளகும் சோம்பும் அரைத்த மசாலாவில் புரட்டிச் சுக்காவாக வறுத்தால் தட்டு காலியாகும். முதல் வாரம் அவர் பக்கத்தில் நின்று நீங்களும் பிழியுங்கள். அந்த இரண்டு நாளும் சுக்காவோ சுண்டலோ எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். முட்டை வேண்டுமென்பவர் முந்தைய நாள் டோக்கன் வாங்கிக்கொள்ளட்டும். உங்களுடையது மாதச் செலவை எல்லோரும் பங்கிடும் டிவைடிங் மெஸ் என்றால், பழைய பில்லையும் புதிய பில்லையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

மீதி மூன்று நாளுக்குக் கூண்டில்லாப் பண்ணை முட்டை கேட்கலாம். விலை கூடும் என்பதால் அதை இரண்டாம் கட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். பழுப்பு ஓட்டைக் கண்டு நாட்டுக்கோழி முட்டை என்று ஏமாற வேண்டாம். ஓட்டின் நிறத்தைத் தீர்மானிப்பது இனம். கூண்டிலும் பழுப்பு முட்டை இடும். சப்ளையரிடம் பண்ணையைக் காட்டச் சொல்லிக் கேட்பதுதான் வழி.

தம்பி, 'சுத்த சைவம்' என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. நம் ஊரில் அந்தச் 'சுத்த'த்துக்குப் பின்னால் சாதி நிற்கிறது. முட்டையைக் குறைக்கலாம் என்று நீங்கள் சொல்வது, என்னோடு உட்காராதே என்று இன்னொருவர் காதில் விழும். தனிப் பந்தி, தனிப் பாத்திரம் என்று யாராவது ஆரம்பித்தால் முதல் ஆளாக எதிர்த்துப் பேசுங்கள். சத்துணவு முட்டையையும் இந்தப் பேச்சில் இழுக்காதீர்கள். அந்த ஒரு முட்டையை நம்பியிருக்கும் குழந்தையின் தட்டும், தேர்ந்தெடுக்க வசதியுள்ள கல்லூரித் தட்டும் ஒன்றல்ல.

பாலிலும் இதே சிக்கல் இருக்கிறது. பால் கறக்காத காளைக்கன்று எங்கே போகிறது என்று பால் கறப்பவரிடமே கேளுங்கள். ஆனால் டீயில் கைவைப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் உடம்புக்கு ஒன்று. முட்டை, பால் இரண்டையும் விட்டவருக்கு பி12 சத்து தாவர உணவிலிருந்து கிடைக்காது. கீரையோ பழைய சோறோ அதைத் தராது. குறை வெளியே தெரியச் சில ஆண்டுகள்கூட ஆகலாம், அதற்குள் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் பி12 அளவைப் பார்த்துவிட்டு, அவர் சொல்லும் மாத்திரையைத் தொடங்குங்கள். கமிட்டிக் கூட்டத்துக்கு முன்பே.