பழைய லென்ஸும் ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’ முத்திரையும்

கேள்வி: இரண்டு மாதங்களுக்கு முன் டர்பன் கடையொன்றில் 100-400 மி.மீ. லென்ஸ் ஒன்றைப் பழைய பொருளாக வாங்கினேன். ஹ்லுஹ்லுவே-இம்ஃபோலோஸி காட்டில் எடுத்த படங்களில் வலது ஓரம் மங்கலாகவே விழுகிறது. சேறு பூசி நின்ற மூன்று காண்டாமிருகங்களில் வலப்பக்கம் நின்றதன் தோல் மடிப்புகள், கணினியில் எவ்வளவு கூர்மையாக்கினாலும் தெளியவில்லை. மணல் தூவியதுபோல் புள்ளிகள்தான் கூடுகின்றன. கடைக்காரரோ ரசீதிலுள்ள ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’ முத்திரையைக் காட்டி, உள்ளது உள்ளபடி விற்ற பொருளுக்குத் தாம் பொறுப்பில்லை என்கிறார். குறை என் எடிட்டிங்கிலா, லென்ஸிலா? பணம் திரும்பக் கிடைக்குமா?
— வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: அந்த முத்திரையைக் கண்டு நீங்கள் பின்வாங்க வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டின் 68ஆம் இலக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தொழிலாக விற்பவர் விற்கும் பழைய பொருளுக்கும் பொருந்தும். ‘வலது ஓரம் மங்கும்’ என்று இன்ன குறையை வெளிப்படையாகச் சொல்லி, நீங்களும் அதை ஒப்புக்கொண்டு வாங்கியிருந்தாலன்றி, பொதுப்படையான ஒரு சொல்லால் கடைக்காரர் பொறுப்பிலிருந்து விலக முடியாது. (ஏலத்தில் எடுத்திருந்தாலோ, தொழிலாக விற்காத தனிநபரிடம் வாங்கியிருந்தாலோ நிலைமை வேறு.)

ஆனால் காண்டாமிருகப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். இருபது மீட்டர் தொலைவில் 400 மி.மீ.யில், லென்ஸின் வாயை முழுதும் திறந்து எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் ஒரு மீட்டரைக்கூட எட்டாது. மூன்றாவது விலங்கு இரண்டடி பின்னால் நின்றிருந்தாலே மங்கிவிடும் என்று அவர் வாதிடலாம், அந்த வாதத்தில் நியாயமும் உண்டு. ஆகவே சமதளச் சுவரொன்றில் செய்தித்தாளை முழுதாக விரித்து ஒட்டி, கேமராவை அதற்கு நேர் எதிரே அசையாமல் நிறுத்தி, டைமர் வைத்து எடுங்கள். இடப்பக்க எழுத்து படிக்கும்படியும் வலப்பக்க எழுத்து குழைந்தும் இருந்தால், கேமராவைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு முறை எடுங்கள். இம்முறை செய்தித்தாளின் இடப்பக்க எழுத்து குழைந்தால் சுவர் காரணமல்ல. அதே கேமராவில் வேறொரு லென்ஸ் தெளிவாக எடுத்தால், குறை நீங்கள் வாங்கிய லென்ஸில்தான்; எப்போதோ கீழே விழுந்து உள்ளிருக்கும் கண்ணாடியொன்று நடுவிலிருந்து விலகியிருக்கக்கூடும்.

உங்கள் எடிட்டிங்கில் தவறில்லை. கூர்மையாக்கும் கருவி விளிம்புகளின் ஒளி-நிழல் வேறுபாட்டைக் கூட்டுமே தவிர, லென்ஸ் பதிவு செய்யாத மடிப்பைக் கொண்டுவராது. ‘இரைச்சல்’ எனப்படும் சிறு புள்ளிகளையும் சேர்த்தே கூட்டுவதால்தான் அந்த மணல் தோன்றுகிறது. திருத்திய ஜேபெக் படத்தைக் கொடுத்தால், மென்பொருளில் கெடுத்துவிட்டீர்கள் என்று சொல்ல இடமாகும் என்பதால், செய்தித்தாள் படங்களின் ரா கோப்புகளையே (கேமரா பதிவு செய்தபடியே உள்ள, திருத்தாத கோப்புகள்) சான்றாகக் கொடுங்கள். காட்டில் எடுத்த படத்தை யாருக்கு அனுப்பினாலும் அதில் பதிந்திருக்கும் இருப்பிட விவரத்தை முதலில் நீக்கிவிடுங்கள். கொம்புக்காக வேட்டையாடுபவருக்கு நம் படம் வழிகாட்டியாகிவிடக் கூடாது என்பதில் எனக்கு மிகுந்த கவலை உண்டு.

பொருளைப் பெற்ற ஆறு மாதத்திற்குள் குறையுள்ள பொருளைத் திருப்பித் தர அச்சட்டத்தின் 56ஆம் பிரிவு உரிமை தருகிறது. திருப்பும் செலவு கடைக்காரருடையது. பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, முழுப் பணமா என்பதைத் தேர்ந்தெடுப்பவர் நீங்கள். நான் பணத்தையே கேட்பேன், ஏனெனில் விலகிய கண்ணாடியைச் சரியாக நிறுத்துவது எளிதான வேலையன்று. பழுதுபார்க்க இசைந்து, மூன்று மாதத்திற்குள் அதே குறை திரும்பினால், மாற்றித் தரவோ பணம் தரவோ அவர் கட்டுப்பட்டவர். கோரிக்கையை நாள் குறித்து எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால், நுகர்வோர் பொருட்கள் மற்றும் சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் ரசீது, கடித நகல், படங்களுடன் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை.