டிபியில் கெட்டுப்போன நுரையீரலை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டால், பிறகு இயல்பாக வாழ முடியுமா?

உங்கள் வீட்டில் யாருக்கோ ஆபரேஷன் தேதி குறித்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு இடது நுரையீரலை முழுசாக எடுத்து 12 வருஷம் ஆகிறது. நான் டாக்டர் இல்லை. "உன் ஒருத்தன் கதையை வைத்து ஊருக்கே சொல்லாதே" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு இப்போதே ஒரு கும்பிடு.

ஒன்றை எடுத்தால் பாதி மூச்சு போய்விடும் என்றுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள். என் இடது பக்கம் எப்போதோ வேலையை நிறுத்தியிருந்தது. மாத்திரை முழுக் கோர்ஸும் முடிந்து, சளியில் கிருமி இல்லை என்று வந்த பிறகும் உள்ளே குழி குழியாகக் கிடந்தது. ஒரு குழிக்குள் பூஞ்சை உருண்டை வேறு. இருமினால் வாஷ்பேசின் சிவந்துவிடும். ரத்தக்குழாயை அடைத்துப் பார்த்தார்கள். எட்டே மாதத்தில் மறுபடி ரத்தம். கடைசியில் எடுத்த ரத்த ஓட்ட ஸ்கேனில் இடது பக்கத்தின் பங்கு வெறும் 6 சதவீதம். இழந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான். நன்றாக வேலை செய்கிற நுரையீரலைப் புற்றுநோய்க்காக எடுத்தவர்களோடு இதை ஒப்பிடாதீர்கள். மிச்சம் இருக்கப்போகிற நுரையீரல் எப்படி இருக்கிறது என்று டாக்டரிடம் கேளுங்கள். அதிலும் பழைய தழும்பு இருந்தால் கதை வேறு.

முதல் சில மாதம்தான் கண்டம். தைத்த மூச்சுக்குழாய் முனை விட்டுக்கொண்டால் காற்று கசியும், சீழ் பிடிக்கும். வலது பக்கம் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். எனக்கு அது வரவில்லை.

மூன்று வருஷம் முன்னால் காய்ச்சலுக்குப் போன இடத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது பக்கம் முழுக்க வெள்ளை. அங்கிருந்த இளம் டாக்டர் நான் சொல்ல வாயெடுப்பதற்குள் "நெஞ்சில் தண்ணி கோத்திருக்கு, உடனே எடுக்கணும்" என்று ஊசி ட்ரேயை வரவழைத்துவிட்டார். சட்டையைத் தூக்கியபோதுதான் முதுகிலிருந்து விலா வரை ஓடும் தழும்பைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். எடுத்த இடத்தில் திரவம் நிரம்பும், இதயம் அந்தப் பக்கம் நகரும், உதரவிதானம் மேலேறும். அந்த வெள்ளை ஆயுசுக்கும் இருக்கும். காரணமில்லாமல் ஊசி குத்தினால் கிருமி நுழைந்து சீழாகிவிடலாம். அன்றிலிருந்து பழைய எக்ஸ்ரேயைப் போனில் வைத்திருக்கிறேன்.

இப்போது சமதரையில் எவ்வளவு தூரமும் நடப்பேன். இரண்டு மாடி ஏறினால் நின்று மூச்சு வாங்கணும். சாதாரண சளி வந்தாலும் நான் அலட்சியம் செய்வதில்லை, மாற்று நுரையீரல் கிடையாதே. ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி இரண்டும் போட்டிருக்கிறேன். வருஷங்கள் கழித்து நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடலாம் என்பதால் எக்கோவும் (இதய ஸ்கேன்) அவ்வப்போது எடுக்கிறேன்.

இதில் எனக்கு வலித்தது வேறு. ஆபரேஷனுக்குப் பின் இரண்டு வருஷம் ஒரு நாள் கூட நோய் விடுப்பு எடுக்காமல் வேலை பார்த்தேன். பதவி உயர்வு, நான் வேலை கற்றுக்கொடுத்த பையனுக்குப் போனது. "நீங்க உடம்பைப் பார்த்துக்கோங்க சார்" என்றார் மேலாளர். அந்த நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட எத்தனை நுரையீரல் வேண்டுமோ!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தோள்பட்டைப் பயிற்சி சொல்லித்தருவார்கள், வலிக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன். இன்றைக்கும் இடது கையால் முதுகு சொறிய முடியாது.